நினைவிழந்தவனும் நினைத்திருப்பவனும்

பிரம்மசூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயத்தில், உலக வியவகாரங்களில் மூழ்கிக் கிடக்கும் மனிதனுக்கு ஒருக்காலும் தோன்றாத ஒரு சந்தேகம் எழுப்பப்படுகிறது. இரவில் உறங்கப் போன ஜீவனேதான் விடியற்காலையில் கண் விழிக்கிறானா, அல்லது ஆழ்ந்த உறக்கத்தில் அவன் பிரம்மத்தோடு ஒன்றிப் போய்விட, வேறொரு ஜீவன் அந்தச் சரீரத்தில் எழுந்து உட்கார்ந்து, தன்னைப் பழைய ஆள் என்றே நம்பிக்கொண்டு பல் துலக்கப் போகிறானா என்பதே அந்தச் சந்தேகம். நீர்நிலையில் விட்ட துளியை மறுபடி அதே துளியாக எடுக்க எவராலும் ஆகாது. அப்படியிருக்க, பிரம்மத்தில் கலந்த ஜீவன் மட்டும் தன் அடையாளம் கெடாமல் எவ்விதம் திரும்பி வரக்கூடும் என்று பூர்வபக்ஷி வாதிக்கிறான். விழிப்பவன் அவனேதான் என்று சூத்திரகாரர் நான்கு காரணங்களைக் காட்டித் தீர்ப்பளிக்கிறார்: கர்மம், நினைவு, வேதவாக்கு, விதி. இதற்குப் பாஷ்யம் செய்த சங்கரர் முதற் காரணத்தை விளக்கும் விதம் மிக எளிமையானது. நேற்றுப் பாதியில் நிறுத்திய வேலையின் மிச்சத்தை இன்று ஒருவன் எடுத்துச் செய்கிறான் என்றால் அவன் நேற்றையவனாகத்தான் இருக்க வேண்டும். ஏனெனில் ஒருவன் அரைகுறையாக விட்டதை முடித்துவைக்க மற்றொருவன் முனைவதில்லை என்கிறார் அவர்.

பாதியில் நிறுத்தியதன் மிச்சம் என்ற இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் என் மனம் பாஷ்யத்தை விட்டு நழுவிச் சிவகாசிக்குப் போய்விடுகிறது. வேதாந்த விசாரத்தின் நடுவே சித்திரக்கதைப் புத்தகத்தை இழுத்துவருவது அபசாரம் என்று கருதும் பெரியோர்கள் இருக்கக்கூடும். ஆனால் சாஸ்திரகாரர்கள் பாம்பையும் பழுதையையும், சிப்பியையும் வெள்ளியையும், குடத்தையும் ஆகாயத்தையும் திருஷ்டாந்தமாகக் கொண்டவர்கள். அவர்கள் காலத்தில் மாதந்தோறும் வெளிவரும் சித்திரக்கதை இருந்திருக்குமானால் அதையும் விட்டுவைத்திருக்க மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

கழக்கூட்டத்தில் வாசம் செய்யும் ஒரு தமிழனுக்கு, டெக்னோபார்க்கின் கண்ணாடிக் கட்டடங்களும் மகாதேவர் கோயிலும் ஒரே சுற்றுவட்டத்தில் அமைந்த இந்த ஊரிலே, மாதப் பிறப்பை அறிவிப்பது சம்பளமும் சங்கராந்தியும் மட்டுமல்ல; சிவகாசியிலிருந்து கூரியரில் வந்து சேரும் ஒரு அட்டைப் பெட்டியும்தான். 1972-ல் சௌந்திரபாண்டியன் என்பவர் அந்த ஊரில் முத்து காமிக்ஸைத் தொடங்கி, மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து உலோகக் கரம் மட்டும் அந்தரத்தில் தெரியும் இரும்புக்கை மாயாவியை முதல் இதழிலேயே தமிழனுக்கு அறிமுகம் செய்துவைத்தார். 1984-ல் அவருடைய புதல்வர் விஜயன், மீசை அரும்பும் வயதிலேயே, லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே ஆண்டில் பிறந்த ராணி காமிக்ஸ் 2005-ல் நின்றுபோயிற்று. லயனும் முத்துவும் இடையே வருஷக்கணக்காகத் தட்டுத் தடுமாறி, வருமா வராதா என்று வாசகரை ஏங்க வைத்து, 2012-ல் புத்துயிர் பெற்று, இன்று ஆண்டுச் சந்தா கட்டியவர்களுக்கு மாதந்தோறும் தவறாமல் வந்துகொண்டிருக்கின்றன.

அந்தத் தடுமாறிய ஆண்டுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு கதையின் முதற் பாகம் வந்து, அடுத்த பாகம் எப்போது என்று ஆசிரியரின் 'ஹாட்லைன்' பக்கத்தில் அறிவிப்பு வந்து, அறிவித்த மாதம் கடந்து, அதற்கடுத்த தீபாவளியும் கடந்துபோன பிறகும், அந்தக் கதையின் நாயகன் எங்கோ ஒரு பனிமலைச் சரிவில் துப்பாக்கி முனையில் நின்றுகொண்டே இருப்பான். அந்த இடைக்காலத்தில் அவன் எங்கே இருந்தான்? காகிதத்தில் இல்லை; காகிதம் இன்னும் அச்சாகவில்லை. ஐரோப்பாவில் வெளிவந்துவிட்ட மூலம் தமிழ் வாசகனைப் பொறுத்தவரை இல்லாததற்குச் சமானம். ஆகவே அவன் எங்களைப் போன்றவர்களின் நினைவில் மட்டுமே உயிர்தரித்திருந்தான் என்று சொல்வதில் மிகையில்லை. புதிய பாகம் வந்த அன்று, முன்கதைச் சுருக்கத்தைக்கூடப் படிக்காமல், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து படிக்கக்கூடியவனாக வாசகன் இருந்தான். சங்கரர் சொன்ன லக்ஷணம் அவனுக்கு அக்ஷரம் பிசகாமல் பொருந்திற்று.

இதிலே ஒரு விசேஷம் என்னவென்றால், எங்களை இவ்விதம் மிக நீண்ட காலம் காக்க வைத்த கதையின் நாயகன் நினைவை இழந்தவன். 'இரத்தப் படலம்' என்று தமிழில் பெயர் பெற்ற அந்தத் தொடரை, பெல்ஜியத்து எழுத்தாளர் ழான் வான் ஹாமும் ஓவியர் வில்லியம் வான்ஸும் 1984-ல் ஆரம்பித்தார்கள். கடலோரத்தில் குண்டடிபட்டு ஒதுங்கிக் கிடக்கும் ஒருவனை ஒரு கிழத் தம்பதி கண்டெடுத்துப் பிழைக்க வைக்கிறார்கள். கண் விழித்தவனுக்குத் தன் பெயர் தெரியவில்லை, ஊர் தெரியவில்லை. கழுத்தெலும்பின் அருகே பதின்மூன்று என்னும் எண் ரோமானிய இலக்கத்தில் பச்சை குத்தப்பட்டிருப்பது ஒன்றே அவனுடைய பூர்வீகச் சொத்து. இறந்துபோன தங்கள் மகனின் பெயரை அந்தத் தம்பதி அவனுக்கு இடுகிறார்கள். அவன் அங்கேயே மகனாக இருந்துவிட்டிருக்கலாம். ஆனால் அவனைத் தேடி வரும் கொலைகாரர்கள் அந்த இருவரையும் கொன்றுவிட, தான் யார் என்று அறியப் புறப்படுகிறான். அமெரிக்க ஜனாதிபதியைச் சுட்டுக் கொன்றவன் அவன்தான் என்று குற்றம் சாட்டுகிறார்கள். ஸ்டீவ் ரோலாண்ட் என்கிறார்கள்; அது முகமாற்றத்தால் வந்த வேஷம் என்று பின்னால் தெரிகிறது. ராஸ் டானர் என்கிறார்கள், ஜேசன் ஃப்ளை என்கிறார்கள், ஜேசன் மக்லேன் என்கிறார்கள். பாகத்துக்குப் பாகம் ஒரு பெயர் கழன்று விழுகிறது, மற்றொன்று வந்து ஒட்டிக்கொள்கிறது.

நினைவு என்பது வேதாந்திகளின் கையில் பலமான ஆயுதம். எல்லாம் க்ஷணிகம், நேற்றிருந்தவன் இன்றில்லை, சுடரைப் போல ஒன்றையொன்று தொடரும் கணங்களின் பிரவாகத்தையே நாம் ஒருவன் என்று மயங்குகிறோம் என்று சாதித்த பௌத்தர்களை, நேற்றுக் கண்டவன் இன்று நினைக்கிறான், ஆகவே இருவரும் ஒருவரே என்ற நியாயத்தால் சங்கரர் சூத்திர பாஷ்யத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் மடக்குகிறார். அப்படியானால் கண்டதை நினைக்க இயலாதவன் கதி என்ன? நம் கடலோரத்து மனிதனைப் பௌத்தர்கள் தங்கள் சாக்ஷியாகக் கூட்டிவந்து நிறுத்தினால் என்ன பதில் சொல்வது?

இதற்கு அத்வைதியின் விடை தெரிந்ததே. மறந்துபோனது அந்தக்கரணம், ஆத்மா அன்று. கண் விழித்தவன் தான் இன்னான் என்று அறியவில்லையே தவிர, தான் இருக்கிறானா என்று ஒரு கணமும் ஐயுறவில்லை. இந்த விடை தர்க்கத்துக்குப் போதுமானது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதையின் நாயகனுக்குப் போதவில்லை, வாசகனுக்கும் போதவில்லை. திருவண்ணாமலையில் ரமணர் நான் யார் என்று விசாரிக்கச் சொன்னது, பெயரும் ஊரும் தொழிலும் உதிர்ந்துபோக வேண்டும் என்பதற்காக. இவனுக்கோ அவை தாமாகவே உதிர்ந்துவிட்டன, முமுக்ஷுக்கள் ஆயுள் முழுதும் பாடுபட்டும் எய்தாத தியாகம் ஒரே குண்டில் சித்தித்துவிட்டது, அப்படியிருந்தும் அவன் உதிர்ந்தவற்றைப் பொறுக்கி எடுக்கவே கண்டம் விட்டுக் கண்டம் ஓடுகிறான். கடைசியில் அவனுடைய மெய்ப்பெயர் தெரியவந்தபோது எனக்கு உண்டானது மகிழ்ச்சியன்று, ஒருவித ஏமாற்றமே. இத்தனை பெயர்களைப் பார்த்தவனுக்கு இன்னுமொரு பெயர் எதற்கு?

நினைவுக்கும் விடுதலைக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி நம்முடைய சொந்த இலக்கியத்தில் இதைவிட ஆழமான கதை இருக்கிறது; அதுவும் ஒரு கடற்கரையில்தான் நிகழ்கிறது. புகார் நகரத்து உவவனத்தில் இருந்த மணிமேகலையைத் தெய்வம் உறக்கத்திலேயே எடுத்துச் சென்று மணிபல்லவத்தில் விட்டுவிடுகிறது. முன்பின் அறியாத கரையில் தனியே கண் விழித்துப் பதறும் அந்தப் பெண், புத்த பீடிகையைக் கண்டதும், இப்பிறவியை மறக்கவில்லை. மாறாக, கழிந்த பிறவியையும் சேர்த்து நினைவு கூர்கிறாள். இளவரசன் உதயகுமரன் மீது தன் மனம் ஓடியதேன் என்பதற்கு விடை கிடைக்கிறது, அவன் முற்பிறவிக் கணவன். ஆனால் அறிந்த மாத்திரத்தில் பற்று அறுந்துவிட்டதா என்றால் இல்லை. பின்னொரு நாள் அவன் வாளால் வெட்டுண்டு கிடக்கையில் அவள் அழுது அரற்றுகிறாள், தூணில் உறையும் தெய்வமான கந்திற்பாவை தடுத்து உண்மை உரைக்க வேண்டியிருக்கிறது. இந்தக் காப்பியத்தை இயற்றிய சாத்தனார் பௌத்தர்; நினைவு முழுமையானாலும் அதுவே விடுதலையாகிவிடாது என்பதை அவர் அறிந்திருந்தார். ஒன்றையும் நினைக்க முடியாதவனும் ஓடுகிறான், இரண்டு பிறவிகளை நினைப்பவளும் அழுகிறாள் என்றால், மனிதனுடைய ஒருமை நினைவில் இல்லை போலும் என்று எண்ண வேண்டியிருக்கிறது.

இந்த எண்ணத்தை வலுப்படுத்த மற்றோர் உதாரணம் நான் குடியிருக்கும் இந்த மலையாள நாட்டிலேயே கிடைத்தது. பின்னாளில் திரைப்பட இயக்குநராகப் புகழ்பெற்ற அரவிந்தன், ரப்பர் வாரியத்தில் உத்தியோகம் பார்த்த நாட்களில், 1961 முதல் 1973 வரை மாத்ருபூமி வாரப் பதிப்பில் 'செறிய மனுஷ்யரும் வலிய லோகவும்' என்ற தொடர் சித்திரத்தை வரைந்துவந்தார். சித்திரக்கதை நாயகர்களுக்குப் பொதுவாக வயதேறுவதில்லை. மேற்கத்திய சாகசத் தொடரின் நாயகன் டெக்ஸ் வில்லர் 1948-ல் இத்தாலியில் எப்படிக் குதிரையேறினானோ ஏறக்குறைய அப்படியே இன்றும் ஏறுகிறான். அவன் மகன் சிறுவனாயிருந்து வாலிபனான பின் அந்த வயதிலேயே நின்றுவிட்டான். தோழர் கார்சனுக்கு நரைத்த முடி மேலும் நரைப்பதில்லை. அரவிந்தனின் நாயகன் ராமு அவ்விதம் இல்லை. வேலையற்ற, நேர்மையான, கூச்ச சுபாவமுள்ள இளைஞனாக அறிமுகமானவன், வாரந்தோறும் வாசகனோடு சேர்ந்து வயதேறி, உத்தியோகம் பெற்று, வசதி பெற்று, சிறுகச் சிறுகச் சமரசம் செய்துகொண்டு, கடைசியில் எந்த உலகத்தைக் கண்டு அஞ்சினானோ அந்த உலகத்தின் பிரஜையாகவே ஆகிவிடுகிறான். அவனுக்கு மறதி இல்லை, முகமாற்றமும் இல்லை. ஆனாலும் தொடக்கத்துச் சித்திரத்தையும் முடிவுச் சித்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்தத் தேவதத்தனே இந்தத் தேவதத்தன் என்று காலத்தையும் இடத்தையும் தள்ளிவிட்டு ஆளை மட்டும் கொள்ளும் வேதாந்த நியாயத்தை இங்கே பிரயோகிக்க நா எழுவதில்லை. சித்திரக்கதை என்னும் கலை இந்த உயரத்தை இந்தியாவில் வேறெங்கே எட்டியது என்று எனக்குத் தெரியவில்லை. இதைத் தமிழில் கொண்டுவர வேண்டும் என்று வெகுநாளாக ஆசைப்பட்டுக்கொண்டிருக்கிறேன், அது வேறு விஷயம்.

ராமு இழந்தது என்ன? வாலிபத்தில் தான் மேற்கொண்ட ஏதோ ஒன்றை அவன் பாதியில் விட்டான், மறுபடி எடுக்கவில்லை. நம் நினைவிழந்தவன் செய்தது என்ன? எதை மேற்கொண்டிருந்தான் என்பதே தெரியாத நிலையிலும், அந்த மிச்சத்தைத் தேடிச் சென்று எடுத்துக்கொண்டான். ஜனாதிபதியைக் கொன்றவன் நீ என்று சொல்லப்பட்டபோது, அது நினைவில் இல்லாத எவனோ செய்த பாதகம், எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அவன் கேட்டிருக்க நியாயம் உண்டு. மறுபிறப்பையும் வினைப்பயனையும் ஒப்பாதவர்கள் நம்மிடம் காலங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி இதுவேயன்றோ? நினைவில் இல்லாத பிறவியின் கடனுக்கு இந்தப் பிறவியில் வட்டி கட்டச் சொல்வது எந்த ஊர் நியாயம் என்கிறார்கள். வாதத்தால் இதற்குத் திருப்தியான பதில் சொல்லிவிட முடியும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. ஆனால் அவன் அப்படிக் கேட்கவில்லை. நான் செய்திருந்தால் அது என்னுடையதுதான் என்ற பதற்றம் முதற் பாகத்திலிருந்தே அவனை ஆட்டிவைக்கிறது. அவன் கர்மங்களை அவன் மறந்துபோனாலும், கர்மங்கள் அவனை மறக்கவில்லை. துப்பாக்கியோடு வருகிற ஒவ்வொரு சத்துருவும் அவனை எவ்வளவு நன்றாக அறிந்துவைத்திருக்கிறான்! சூத்திரகாரர் நான்கு காரணங்களில் கர்மத்தை முதலில் வைத்து, நினைவை இரண்டாவதாக வைத்ததற்கு அர்த்தம் இருக்க வேண்டும் என்றே கருதுகிறேன். ஒருமை என்பது கையில் இருக்கும் பொருளாக அல்லாமல் ஏற்றுக்கொள்ளும் பொறுப்பாக அமைந்திருக்குமானால், நினைவு போனாலும் அது போகாது. நினைவு இருந்தாலும், ராமுவுக்கு நேர்ந்தது போல, அது போய்விடக்கூடும்.

இவ்வளவு தூரம் சங்கரரின் கையைப் பற்றிக்கொண்டு வந்த பிறகு, ஓரிடத்தில் அவரோடு முரண்பட வேண்டியிருக்கிறது. ஒருவன் பாதியில் விட்டதை மற்றொருவன் தொடர்வதில்லை என்று அவர் சொன்னதைச் சித்திரக்கதை உலகம் ஒப்பாது. ராணி காமிக்ஸில் நாம் கண்ட முகமூடி வீரர் மாயாவி, லீ ஃபாக் என்ற அமெரிக்கர் 1936-ல் சிருஷ்டித்த பாத்திரம், சாவே இல்லாதவர் என்று கானகத்து மக்களால் நம்பப்படுகிறவர். உண்மையிலோ அவர் இருபத்தோராம் தலைமுறை. தந்தை சாகும்போது மகன் முகமூடியை அணிந்து, முதல் மூதாதை செய்த சபதத்தைத் தானும் செய்து, விட்ட இடத்திலிருந்து தொடருகிறான். இது கற்பனை என்று தள்ளினால், முத்து காமிக்ஸைத் தகப்பனார் தொடங்க, மகன் இன்றுவரை நடத்துவது கற்பனையன்று. அதற்கும் அப்பால், சகரனுடைய புத்திரர்கள் சாம்பலாகக் கிடக்க, அம்சுமான் முயன்று முடியாமல் போய், திலீபன் முயன்று முடியாமல் போய், பகீரதன் தவம் செய்து கங்கையைக் கொண்டுவந்தானே, அது யாருடைய வேலையின் மிச்சம்? பித்ரு கடன் என்று நாம் எதைச் சொல்லுகிறோமோ அதன் ஆதாரமே, ஒருவன் விட்டதை மற்றொருவன் எடுப்பது சாத்தியம் என்னும் நம்பிக்கையல்லவா? ஆசாரியர் அறியாததல்ல இது. தம் பெயரால் மடங்களும் பரம்பரைகளும் இன்றளவும் நடந்துவர, அவர் வாக்கியத்தை உறங்கி விழிப்பவன் அளவில் மட்டும் நிறுத்திக்கொள்வதே மரியாதை.

ஆனால் மிச்சத்தை மற்றவன் எடுக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்டால் வேறோர் ஆபத்து வந்து சேருகிறது. அவன் எடுத்த பின், அவன் நானா, வேறா? பௌத்தன் இங்கே மெல்லச் சிரிக்கிறான். சுடரிலிருந்து சுடர் ஏற்றியதைத்தானே நாங்களும் சொன்னோம் என்கிறான்.

இந்த இக்கட்டில் எனக்குத் துணை வந்தவர், கழக்கூட்டத்துக்கு அருகிலுள்ள செம்பழந்தியில் 1856-ல் பிறந்த நாராயண குரு. தைக்காட்டு அய்யாவு சுவாமிகளிடம் யோகம் பயின்றவர், தமிழ் நூல்களில் தோய்ந்தவர், திருக்குறளில் ஒரு பகுதியையும் 'ஒழிவிலொடுக்க'த்தையும் மலையாளத்துக்குக் கொண்டுசென்றவர். 1916-ல் திருவண்ணாமலை சென்று ரமணரைக் கண்டவர். அவர் 1897-ல் இயற்றிய 'ஆத்மோபதேச சதக'த்தில் இருட்டில் இருக்கும் இருவரைப் பற்றிய ஒரு நிலை வருகிறது. இருளில் இருப்பது யார் என்று ஒருவன் கேட்கிறான். கேட்கப்பட்டவன், நீ யார் என்று திருப்பிக் கேட்கிறான். இருவர் வாயிலிருந்தும் வரும் விடை ஒன்றே, 'நான்' என்பது. பெயரும் முகமும் தெரியாத இருளிலே, இரண்டு பேருக்கும் பொதுவாக அந்த ஒன்றுதான் மிஞ்சுகிறது. கடலோரத்தில் கண் விழித்தவன் தன் பெயரைத் தேடிப் பத்தொன்பது பாகங்கள் ஓடாமல் அந்த இருளிலேயே சற்று நிதானித்திருந்தானானால், அவனுக்குக் கிடைத்திருக்கக்கூடிய விடை இதுவாக இருந்திருக்கும். கதை முதற் பாகத்தோடு முடிந்திருக்கும், எங்களுக்கு மாதந்தோறும் காத்திருக்கும் பாக்கியமும் கிட்டியிராது. அவன் அஞ்ஞானத்தால் நாங்கள் வாழ்ந்தோம் என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

குருவின் இருளில் நின்று பார்க்கும்போது, பிறர் விட்ட மிச்சத்தை ஒருவன் எடுப்பது அவ்வளவு விநோதமாகப் படவில்லை. எடுக்கிறவனும் 'நான்' என்றே சொல்லி எடுக்கிறான். இருபத்தோராம் மாயாவி தன் சபதத்தை மூதாதையின் சபதம் என்று சொல்வதில்லை, தன்னுடையது என்றே சொல்லுகிறார். பௌத்தனின் சுடரும் வேதாந்தியின் ஆத்மாவும் இந்த ஓரிடத்தில் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் நிற்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. இரு தரப்புப் பண்டிதர்களும் இதை ஏற்க மாட்டார்கள் என்பதையும் அறிவேன்.

இப்போது வாசகர்களிடையே நடக்கும் ஒரு வழக்குக்கு வருகிறேன். 2007-ல் பத்தொன்பதாம் பாகத்தோடு வான் ஹாம் கதையை முடித்துக்கொண்டு விலகிவிட்டார். தமிழில் 2010-ல் பதினெட்டுப் பாகங்களை ஒரே கனத்த நூலாகக் கறுப்பு வெள்ளையில் லயன் வெளியிட்டபோது, கால் நூற்றாண்டுக் காத்திருப்பு கையில் எடையாகத் தெரிந்தது. அதன் பிறகு 2011-ல் ஈவ் சென்டே என்ற எழுத்தாளரும் யூரி ஜிகுனோவ் என்ற ஓவியரும் இருபதாம் பாகத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார்கள். மேஃபிளவர் கப்பலில் வந்திறங்கிய முன்னோர்கள் வரைக்கும் நாயகனின் பூர்வோத்தரம் நீண்டுகொண்டே போகிறது. வான்ஸ் 2018-ல் காலமானார். சிருஷ்டித்தவன் நிறுத்திவிட்ட பிறகு வருவதெல்லாம் போலி, அது எங்கள் ஆள் அல்ல, பத்தொன்பதோடு புத்தகத்தை மூடிவிட்டோம் என்கிறார்கள் ஒரு சாரார். அவர்களிடம் பாஷ்யத்தைக் காட்டினால், ஒருவன் விட்டதை மற்றவன் தொடர்வதில்லை என்ற வாக்கியத்தை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்வார்கள். நான் இருபதாம் பாகத்தை வாங்கினேன், அதற்கு மேற்பட்டவற்றையும் வாங்கினேன். பழைய வேகம் இல்லை, சதியின் முடிச்சுகள் சற்றுத் தளர்ந்திருக்கின்றன, நாயகனின் தோழி ஜோன்ஸின் முகத்தில் வான்ஸின் கோடுகளை என் கண் இன்னும் தேடுகிறது. ஆனால் ஆள் அவனேதான்.